நின்றுகொண்டு சாப்பிட்டால் கணக்கில் வராது

நான் ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிடுகிறவன். உட்கார்ந்து, தட்டு வைத்து, அளவாக. போன ஞாயிற்றுக்கிழமை வரை இதைச் சத்தியம் செய்தே சொல்லியிருப்பேன்.

அன்று ஆறாவது படிக்கும் மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் ஒருவர் நாள் முழுக்க என்னென்ன சாப்பிடுகிறார் என்று குறித்துவர வேண்டுமாம். என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் குறைத்துச் சாப்பிடுவேனாம்.

இரவு நோட்டைப் பிரித்து வாசித்தாள். "உட்கார்ந்து சாப்பிட்டது 3. நின்னுக்கிட்டு சாப்பிட்டது 11."

"நின்னுக்கிட்டு சாப்பிட்டதெல்லாம் கணக்குல வராதும்மா."

வந்திருந்தது. பிரிட்ஜைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று யோசித்தபடி வாயில் போட்டது. கழுவ வசதியாக இருக்கட்டுமே என்று பாத்திரத்தின் அடியை வழித்தது. இவள் தட்டில் விட்ட மிச்சத்தை வீணாகக் கூடாதென்று முடித்துவைத்தது (இது மட்டும் நாலு தடவை, குப்பைக்கூடைக்குப் பதில் என் வயிற்றுக்குப் போனால் அது எப்படி வீணாகாமல் போகிறது என்று இதுவரை யோசித்ததில்லை). பாக்கெட்டில் ஒற்றை பிஸ்கட் தனியாகக் கிடக்கிறதே என்று பரிதாபப்பட்டது. அதற்குத் துணையாக அடுத்த பாக்கெட்டைப் பிரித்தது.

"சாயந்திரம் நடந்தேனே, அதை எழுதினியா?"

"அரை மணி நேரம். நூறு, நூத்தம்பது கலோரி எரிஞ்சிருக்கும். வந்ததும் ரெண்டு துண்டு கேக்."

அப்புறம் மதியச் சாப்பாடு. 7 நிமிடத்தில் முடித்துவிட்டேனாம். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர 20 நிமிடம் ஆகும் என்று படித்திருக்கிறாள். "மிச்சம் 13 நிமிஷமும் இனிப்பு டப்பா பக்கத்துலயே நின்னீங்கப்பா."

அதற்கு என்னிடம் நியாயம் இருந்தது. ஒரே சுவையில் சலித்த நாக்கு, வேறு சுவை வந்தால் அப்போதுதான் பசித்ததுபோல விழித்துக்கொள்ளும். வயிறும் சும்மா கிடக்கும்போது கைமுட்டி அளவுதான். போடப்போட ஒரு லிட்டருக்கு மேல் விரிந்துகொடுக்கும். தப்பு வயிற்றின் பேரில்தானே?

"நான் சொன்னப்ப நம்பினீங்களா?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல். அதற்குப் பதில் சொல்லாமல், ஒவ்வொரு வாயையுமா எழுதுவது என்று எழுந்து நின்று மகளிடம் வாதாடினேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. 11ஐ அழித்து 12 என்று எழுதினாள். அப்போதுதான் என் வாயில் ஏதோ நொறுங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.