அப்பாவை நாடுகடத்திய பிறகு: அயோவா நாட்குறிப்பு

மார்ச் 4, 2025

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், குடிவரவு அதிகாரிகள் அப்பாவையோ அம்மாவையோ பிடித்துக்கொண்டு போன வீட்டுப் பிள்ளை, பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். வயிறு வலிக்கிறது என்று வரும். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைத்தல் ஏழு வயதில் மறுபடி தொடங்கும்.

இங்கே பயன்படுவது பிஎஸ்சி-17 என்ற அறிகுறிப் பட்டியல்; பிள்ளையின் மனநலம் பற்றிப் பெற்றோர் நிரப்பும் தாள். 17 கேள்விகள்: இல்லை 0, சிலசமயம் 1, அடிக்கடி 2. மொத்தம் 15 வந்தால் அடுத்தகட்ட மனநலப் பரிசோதனை தேவை. ஆனால் மொத்தத்தை மட்டும் பார்த்தால் தவறிப்போகும். சோகம், நம்பிக்கையிழப்பு, ஓயாத கவலை பற்றிய ஐந்து கேள்விகளில் மட்டும் 5 வந்தாலும் விடக்கூடாது. சண்டை போடும் பையனை ஆசிரியரே கவனித்துவிடுவார். திடீரென்று சொன்ன பேச்சு கேட்கிற, தம்பியைத் தானே பள்ளிக்குக் கிளப்புகிற பத்து வயதுப் பெண்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. 11 வயதுக்கு மேல் பிள்ளையே நிரப்பட்டும். தூக்கமில்லாத அம்மா நிரப்பும் தாளில் அம்மாவின் வேதனையும் கலந்துவிடும்.

மார்ச் 8

கோடைக்காலத்துக்காக நாளை அயோவாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துகிறார்கள். குவாத்தமாலாவில் அந்த வழக்கம் இல்லை. மெக்சிகோவின் பெரும்பகுதியும் 2022-இல் கைவிட்டது. நாடுகடத்தப்பட்டு அங்கே போன அப்பா இரவு 8 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே 9 ஆகியிருக்கும். எட்டு மணியிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அன்றிரவு தூங்காது. இனி 7 மணிக்கே கூப்பிடும்படி இன்றே சொல்லிவிட வேண்டும். ஞாயிறு ஒருநாள் நீளமாகப் பேசுவதைவிட தினமும் பத்து நிமிடம் நல்லது.

அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்ற பொய் வேண்டவே வேண்டாம். பள்ளியில் யாராவது சொல்லித் தெரியும்போது, மிச்சமிருக்கும் அம்மா மேலும் நம்பிக்கை போய்விடும்.

மே 12

2008-இல் இதே நாள் அயோவாவின் போஸ்ட்வில் ஊரில், இறைச்சி ஆலையில் குடிவரவு அதிகாரிகள் 389 பேரைக் கைது செய்தார்கள். பிறகு அயோவா முழுவதும் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) தாய்மாருக்கு எடை குறைந்த (2,500 கிராமுக்குக் கீழ்) குழந்தை பிறக்கும் அபாயம் முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 24% கூடியிருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்த தாய்மாரும் இதில் அடக்கம். வெள்ளையினத் தாய்மாரிடம் இந்த உயர்வு இல்லை. ஆக, ஓர் ஊரில் இப்படிக் கைது வேட்டை நடந்தால் கைதானவரின் வீட்டோடு நிறுத்தாமல், அந்தச் சமூகத்தின் கர்ப்பிணிகள் எல்லோரையும் தேடிப் போக வேண்டும். காரோட்டப் பயந்து பரிசோதனையைத் தவறவிடுபவர்களை முதலில்.

மே 20

உடம்புக்குப் பிறகு காகிதம். பலவேளை காகிதம்தான் உடம்பைக் கெடுக்கிறது. வாடகை கட்ட முடியாமல் வீடு மாறுவார்கள். மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) புதுப்பிப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போகும். குடியுரிமை உள்ள பிள்ளையின் காப்பீடு நின்றுபோனது இன்ஹேலர் வாங்கப் போகும்போதுதான் தெரியும். வீடு மாறிய வாரமே முகவரியை மாற்றுங்கள். தினமும் இழுக்கும் இன்ஹேலர் எது, மூச்சிரைத்தால் அடிப்பது எது என்று எழுதி ஒட்டிவையுங்கள். அது பெரும்பாலும் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும், போனவர் அவராகவே இருக்கக்கூடும்.

16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு இரு பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். நேரில் வர முடியாதவர் டிஎஸ்-3053 படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். அதையும் 90 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தடுப்பு மையத்திலிருந்து இதை வாங்குவது பெரும்பாடு. இருவரும் வீட்டில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

ஜூன் 2

இரு பெற்றோரையும் பிடித்து, பிள்ளை அரசின் வளர்ப்புப் பராமரிப்புக்குப் போனால் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே வரும். கடந்த 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை அங்கே இருந்தால், பெற்றோர் உரிமையை ரத்துசெய்ய மாநிலம் மனு போட வேண்டும். உறவினரிடம் வளர்ந்தால் மாநிலம் விலக்கு தரலாம். அதனால் சித்தியோ பாட்டியோ பொறுப்பேற்பதை முன்பே எழுத்தில் வையுங்கள். படிவம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கைதானவரை இணையத்தில் தேட அவருடைய ஏ-எண்ணும் (குடிவரவுத் துறை தரும் அடையாள எண்) பிறந்த நாடும் போதும். அந்த எண் அவர் பர்ஸில் மட்டும் இருந்தால் அவரோடு போய்விடும். பொறுப்பேற்பவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.