ஒரு வாரம் மைக் நம்ம கையில்

ஜூலை 5, சனி

இரவு எட்டு மணிப் பேச்சு நிகழ்ச்சியை நடத்தும் அக்கா, தம்பி கல்யாணத்துக்குத் திருச்சி கிளம்பிவிட்டார். திங்களிலிருந்து வெள்ளி வரை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நாங்கள் என்றால் நான், டீச்சர், மைன்ஸ். டீச்சர் நிஜமாகவே டீச்சர்தான். மைன்ஸ் பிறந்தது மாரிகுப்பத்தில், அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இருந்தவர். பெயர் வந்தது அப்படித்தான்.

வானொலி என்றதும் பெரிய கோபுரமெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மூன்றாவது மாடியில் ஓர் அறை. சுவரில் பழைய மெத்தைகள், மேஜையில் குரல்களைக் கலந்து அனுப்பும் ஒரு குட்டி மிக்ஸர், நான்கு மைக். இணையத்தில் மட்டும்தான் கேட்கலாம். பாட்டு கிடையாது, அதற்கு உரிமத் தொகை கட்ட வேண்டும். ஆக ஒரு மணி நேரமும் பேச்சுதான்.

பேச்சுதானே, அதற்கா பஞ்சம் என்றான் மைன்ஸ்.

ஜூலை 7, திங்கள்

பஞ்சம்தான். வாடகை வீட்டு அட்வான்ஸ் என்று தலைப்பு வைத்திருந்தோம். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழக்கத்தைப் பற்றி டீக்கடையில் எங்களைப் பேசவிட்டால் கடையை மூடித்தான் எழுப்ப வேண்டும். இங்கே சிவப்பு விளக்கு எரிந்ததும் மூன்று பேரும் போட்டோவுக்கு நிற்பவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். டீச்சர் ‘வாடகைதாரர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்கள்’ என்று ஆரம்பித்தார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை.

கால் மணி நேரத்தில் இறுக்கம் தளர்ந்தது. அதிலும் ஒரு வில்லங்கம். மைன்ஸ் ‘அன்னிக்கு அவன் பெயின்ட் காசு கேட்டானே’ என்றதும் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உடனே வாட்ஸப்பில் ஒரு செய்தி: ‘யாருங்க அந்த அவன்? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல.’

நண்பர்கள் பேச்சு முக்கால்வாசி பழைய கதையை நம்பி ஓடுவது. பாதி வாக்கியம் போதும், மீதியை முகம் சொல்லிவிடும். கேட்கிறவருக்கு இந்த இரண்டுமே இல்லை. நாளையிலிருந்து நான்காவது மைக்குக்கு முன்னால் ஒரு காலி நாற்காலி போடலாம், அவரிடம் பேசுவதாக நினைத்துக்கொள்ளலாம் என்றார் டீச்சர். பள்ளிக்கூட யோசனை, ஆனாலும் நல்ல யோசனை.

ஜூலை 8, செவ்வாய்

இன்று முழுக்க போன் கூத்து. இணைய வானொலியில் நாம் பேசுவது கேட்பவர் காதுக்குப் போய்ச் சேர அரை நிமிடம்கூட ஆகலாம். ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்து அனுப்புவதால் வரும் தாமதம். போன் அப்படியில்லை, பேசியதும் வந்துவிடும். அழைப்பவர் பக்கத்தில் நிகழ்ச்சியையும் ஓடவிட்டுக்கொண்டே பேசினால் கதை முடிந்தது. ஸ்ரீராமபுரத்திலிருந்து ஓர் ஐயா தன்னுடைய ‘ஹலோ’வையே அரை நிமிடம் கழித்துக் கேட்டு, ‘ஆங், சொல்லுங்க’ என்று அதற்குப் பதில் சொன்னார். எஃப்எம் நிகழ்ச்சிகளில் ‘ரேடியோ சவுண்டைக் குறைச்சுக்கங்க’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்களே, அந்த அருமை இன்றுதான் தெரிந்தது.

இன்னொன்று: அழைப்பவருக்கு எங்கள் குரல் மட்டும்தான் போக வேண்டும், அவர் குரல் அவருக்கே திரும்பக் கூடாது. திரும்பினால் எதிரொலி. மிக்ஸரில் அப்படிப் பிரித்து அனுப்புவதற்கு மிக்ஸ் மைனஸ் என்று பெயர். அக்கா ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைத்திருந்தார், பிழைத்தோம்.

ஜூலை 10, வியாழன்

இன்று மைன்ஸின் நாள். தலைப்பு, தங்கவயல்காரர்கள் தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகும் மாரிகுப்பம் ரயில்.

முதல் பத்து நிமிடம் வினாடி வினா மாதிரி போனது. 1902லேயே சிவனசமுத்திர அருவியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது, சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள் என்று அடுக்கினான். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் போன் அசையவில்லை. டீச்சர் காலி நாற்காலியைக் கண்ணால் காட்டினார். அப்புறம்தான் அவன், ‘காலையில மாரிகுப்பத்துல ஏறினா சீட்டு. உரிகத்துல ஏறினாலும் தேடிப் பிடிக்கலாம். பங்காரப்பேட்டைன்னா பெங்களூர் வரைக்கும் நின்னுகிட்டுதான்’ என்றான்.

அவ்வளவுதான், மூன்று அழைப்புகள் வரிசையில் நின்றன.

‘தம்பி, உரிகத்துல சீட்டா? எந்தக் காலத்துல?’ என்று முதல் ஆளே சண்டைக்கு வந்தார். சுரங்கம் மூடிய பிறகு தினம் பெங்களூர் போய்வருகிறவர். ஒயிட்ஃபீல்டிலேயே பெட்டி பாதி காலியாகிவிடுவது, சீட்டுக் கச்சேரி, யார் பிறந்தநாள் என்றாலும் பெட்டிக்குள்ளேயே கேக் வெட்டுவது எல்லாம் சொன்னார். அடுத்தவர் 2001ல் இங்கே வந்து செக்யூரிட்டி வேலையில் சேர்ந்தவர். அந்த ஜூலையில்தான் நாட்டின் முதல் தனியார் எஃப்எம்மாக ரேடியோ சிட்டி பெங்களூரில் தொடங்கியது. முதல் சம்பளத்தில் பாக்கெட் ரேடியோ வாங்கி ராத்திரி முழுக்கக் கேட்பாராம். ‘கன்னடம் அதுலதான் கத்துக்கிட்டேன்’ என்றார்.

கடைசியாக ஓர் அம்மா. ஊர் ஆண்டர்சன்பேட்டை, இப்போது மகளோடு கே.ஆர்.புரத்தில். வீட்டுக்காரர் சுரங்கத்திலா என்று கேட்டேன். ‘ஆமா’ என்றவர் அப்படியே நின்றுவிட்டார். வானொலியில் சத்தமில்லாத நேரத்துக்கு டெட் ஏர் என்று பெயர், அதை விடவே கூடாது என்பது அக்காவின் சட்டம். எதையாவது பேசி நிரப்ப வாயைத் திறந்தேன். மைன்ஸ் என் மைக்கின் ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானை, கீழே இறக்கிவிட்டான்.

அவரே தொடர்ந்தார். ‘கீழ பாறை வெடிச்சா மேல அலமாரிப் பாத்திரம் ஆடும் தம்பி. லைன் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் வாசலுக்கு வந்துருவோம். எந்த ஷாஃப்ட்டுன்னு சேதி வர்ற வரைக்கும் ஒருத்தியும் உள்ள போக மாட்டா. அடுப்புல சோறு தீயும், தீயட்டும்னு நிப்போம்.’

நான் பேசியிருந்தால் இது வந்திருக்காது. ஒன்பதைத் தாண்டிப் பதினைந்து நிமிடம் ஓடியது. அடுத்து நிகழ்ச்சி எதுவும் இல்லை, ஏன் என்று கேட்பாரும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

பெரிதாக ஒன்றும் இல்லை. பேருந்தில் சில்லறை பற்றிப் பேசினோம். நான்கு அழைப்புகளில் இரண்டு நேற்றைய ரயிலைப் பற்றியே. உரிகத்தில் சீட்டு கிடைக்கும் என்று ஒருவர் மைன்ஸ் பக்கம் சாட்சி சொன்னார்.

ஜூலை 13, ஞாயிறு

அக்கா வந்துவிட்டார். ரயிலிலேயே எல்லாப் பதிவுகளையும் கேட்டிருக்கிறார். திங்கள் நிகழ்ச்சியைப் பற்றி வாயே திறக்கவில்லை. இனி வியாழன்தோறும் மைன்ஸ் நடத்தட்டும், அடுத்த தலைப்பு பெங்களூரின் பழைய துணி ஆலையான பின்னி மில் என்று முடிவே செய்துவிட்டார். ஸ்ரீராமபுரத்து ஐயா அங்கே வேலை பார்த்தவராம், முதல் அழைப்பு அவருக்கு.

‘அப்ப நான்?’ என்றேன்.

‘நீ அவருக்கு முன்னாடியே போன் போட்டு, ரேடியோவ ஆஃப் பண்ணச் சொல்லு.’