சதுப்புநிலத்துக்கு எத்தனை ஸ்டார்?

ஜனவரி 12, ஞாயிறு

அக்கா வீட்டுக்காரர் பெங்களூரில் இருந்து வந்திருக்கிறார். காலையில் சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் இருக்கும் சூழல் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். ரேடியல் ரோட்டில் இறங்கியதும் முதல் கேள்வி: "என்ன மாப்ளே, போட்டிங் இல்லையா?" இல்லை மாமா என்றேன். நீலத் தாழைக்கோழி ஒன்று வந்து நின்றது. நாலைந்து போட்டோ எடுத்தார். அது சம்புப் புல்லுக்குள் புகுந்து மறைந்ததும், "இந்தப் புதரையெல்லாம் வெட்டிச் சுத்தமா வெச்சா என்ன?" என்றார். வெட்டினால் நீங்கள் போட்டோ எடுத்தது எங்கே இருக்கும் என்று வாய் வரை வந்தது. வீட்டுக்கு வந்த மனிதர். காபி வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்துவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மாமா தூங்கிய பிறகு, இந்த மாதிரிப் பூங்காக்களுக்கு ஜனங்கள் போனில் போட்டிருக்கும் ஸ்டார்களைப் படித்துக்கொண்டிருந்தேன். பார்க்கிங், கழிப்பறை, நிழல், போட்டோவுக்கு நல்ல இடமா, குழந்தைக்கு விளையாட என்ன இருக்கு. பறவை ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோதான் வருகிறது.

கழிப்பறைக்காக ஸ்டார் குறைப்பவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். போன வருஷம் வேறொரு ஊரில், ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில், அம்மாவை வைத்துக்கொண்டு பூட்டிய கதவு முன்னால் நின்றவன் நான். அன்றைக்கு அங்கே என்ன பறவை இருந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆனால் "தண்ணீர் கலங்கலாக இருக்கிறது" என்று குறைத்தால்தான் கோபம் வருகிறது. நீச்சல்குளம் மாதிரி தெளிந்த தண்ணீரில் நாரை எதைத் தின்னும்?

ஜனவரி 26, ஞாயிறு

விடுமுறை, நல்ல கூட்டம். பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்தார்கள். உண்மையில் இங்கே இரண்டு நாற்றம் உண்டு. ஒன்று சேற்றுடையது. காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது ஹைட்ரஜன் சல்பைடு வரும், அழுகிய முட்டை வாசம். உயிருள்ள சதுப்பில் அது சகஜம். இன்னொன்று பெருங்குடி குப்பைமேட்டில் இருந்து காற்றில் வருவது. 2022 ஏப்ரலில் அது நாள்கணக்கில் எரிந்தபோது ஜன்னலைத் திறக்கவே முடியவில்லை. முதலாவதை மன்னிக்கலாம், இரண்டாவதை மன்னிக்கக் கூடாது. ஆனால் புதிதாக வருகிறவரின் மூக்கு இரண்டையும் ஒரே கணக்கில்தான் எழுதுகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று அம்மாவைக் கூட்டிப்போனேன். அம்மா பிறந்தது வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில் இருக்கும் கரிக்கிலி பக்கம். பாதையில் பதித்த கல்லையோ பலகையையோ பார்க்கவே இல்லை. நேராகக் கம்பி ஓரம் போய் நின்றாள். கையெட்டும் தூரத்தில் ஒரு தாழைக்கோழி சம்புத் தண்டை அலகால் பிடுங்கி, மனிதன் கரும்பைப் பிடிப்பது போலச் சிவந்த காலால் தூக்கிப் பிடித்து, அடிப்பக்கத்தை உரித்துத் தின்றது. நுனியைத் தொடவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த தண்டுக்குப் போனது.

"அடிக்குருத்துதான் ருசிடா, அதுக்குத் தெரியும்" என்றாள்.

தண்ணீர் அழுக்காக இருக்கிறதா அம்மா என்று கேட்டேன். "பறவை எச்சம் கலந்த தண்ணிய அழுக்குன்னு யாருடா சொன்னது? எங்க ஊருல அதைத்தான் வயலுக்குப் பாய்ச்சுவோம்." வேடந்தாங்கல் பக்கத்தில் தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தண்ணீர் உரம்.

கரிக்கிலியும் பள்ளிக்கரணையும் பிச்சாவரமும் 2022-ல் ஒன்றாக, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன என்றேன். "அப்ப நம்ம ஊரும் இதுவும் ஒண்ணுவிட்ட சொந்தம்" என்றாள். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் இருக்கும் பள்ளிக்கரணை சுமார் 1,247 ஹெக்டேர். நாம் டைல்ஸ் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் பூங்கா அதன் ஓரத்தில் ஒரு திண்ணை. திண்ணையில் உட்கார்ந்து எழுந்து போய், வீட்டுக்கு மார்க் போடுகிறோம். 2015 வெள்ளத்தில் வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். சதுப்பில் பாதியாவது வீடாகாமல் மிஞ்சியிருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்று யார் ஸ்டார் போடுவது? (நாங்கள் குடியிருந்த அந்த வீடும் அந்தக் கணக்கில் வரும். அதை மாமாவிடம் சொல்லவில்லை.)

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று தொடக்கம். தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது, ஓரச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. மழைக்காலத்தில் தெற்கேயும் மேற்கேயும் உள்ள ஏரிகளின் உபரி வந்து நிரம்பும், மிச்சம் ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாகக் கடலைப் பார்த்துப் போகும், கோடையில் வற்றும். அதன் வழக்கமே அதுதான். ஆனால் ஜனவரியில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மே மாதம் வருபவருக்கு இது பராமரிப்பு இல்லாத இடமாகத்தான் தெரியும்.

ஒரு சின்னக் குடும்பம். "தண்ணியே இல்ல, இதுக்கா இவ்வளவு தூரம்" என்று அப்பா போனை எடுத்துவிட்டார். ஒரு ஸ்டாரோ ரெண்டு ஸ்டாரோ. அந்த நேரம் பார்த்து, காய்ந்த சேற்றில் இருந்து ஒரு பறவை எழும்பி, எங்கள் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு வட்டமடித்தது. பக்கத்தில் எங்கோ வெறும் தரையில் முட்டை வைத்திருக்கும்.

"அங்கிள், அது என்ன?" என்றான் பையன்.

"ஆள்காட்டி."

"யாரைக் காட்டுது?"

"உங்கப்பாவைத்தான்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, முட்டை எங்கே என்று பையனோடு சேர்ந்து தேட ஆரம்பித்தார். எனக்கும் தெரியவில்லை. பத்து நிமிஷம் மூன்று பேரும் வெயிலில் நின்றோம்.