பாப் ஃபில்டர்: கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்

உள்ளங்கையை வாய்க்கு நாலு விரல் தள்ளி வைத்து 'பாப்பா' என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள். கையில் காற்று வந்து மோதும். 'மாமா' என்றால் மோதாது. அந்தக் காற்றுதான் மைக்கின் டயஃப்ரத்தை (சத்தத்துக்கு அதிரும் மெல்லிய சவ்வை) மொத்தமாகத் தள்ளி, ரெக்கார்டிங்கில் 'டொப்' என்று விழுகிறது. பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் சத்தம் இது. முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கில் கிட்டே போகப் போக பேஸ் ஏறுவதால் இன்னும் பெரிதாகக் கேட்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கும் லோ கட் போட்டால் குறையும், முழுக்கப் போகாது. பாடும்போதே தடுப்பதுதான் மலிவான வழி. அதற்காக வாய்க்கும் மைக்குக்கும் நடுவே வைக்கும் வலை வளையம்தான் பாப் ஃபில்டர்.

வீட்டு ரெக்கார்டிங்குக்கு 6 அங்குல வளையத்தில் இரண்டடுக்கு நைலான் வலை போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒற்றை அடுக்கு வேண்டாம். இரண்டு அடுக்குக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் மங்கலாகவாவது தெரிய வேண்டும். துணி அடர்த்தியாக இருந்தால் குரலின் மேல்தொனி மழுங்கும். உலோக வலை அதிக நாள் உழைக்கும், கழுவுவதும் சுலபம். ஆனால் நல்ல உலோக வலையில் துளைகள் சாய்வாக இருந்து காற்றைக் கீழ்ப்பக்கம் திருப்பிவிடும். வெறும் தட்டையான தகட்டில் ஓட்டை போட்டு விற்பதை வாங்குவதற்கு நைலானே மேல்.

இத்தனைக்கும், வலை கிழிந்து தூக்கிப்போடும் பாப் ஃபில்டர்கள் குறைவு. முதலில் போவது கூஸ்நெக்தான், அதாவது வளையத்தைத் தாங்கும் வளைக்கக்கூடிய கழுத்து. வளையத்தின் எடை தாங்காமல் மெல்லத் தலை தொங்கும், பாட்டு நடுவில் மைக் மேலேயே சாயும். கழுத்து நீளமாக இருந்தால் நல்லது என்று தோன்றும். உண்மையில் நீளம் கூடக் கூடத் தொங்கலும் கூடும். 30 செ.மீ. தாராளம். முழுக்க நீட்டிப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பாருங்கள், இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வளையமும் கழுத்தும் சேரும் இடத்தில் பசைக்குப் பதில் ஸ்க்ரூ இருக்கட்டும். ஸ்டாண்டைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பின் மரை பிளாஸ்டிக்காக இருந்தால் நாலு தடவை இறுக்கியதும் வழுக்கும், உலோக மரையாகப் பாருங்கள். உள்ளே ரப்பர் இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைத்து இறுக்கலாம்.

மாட்டும்போது மைக்குக்கும் வலைக்கும் 5 முதல் 8 செ.மீ., வலைக்கும் வாய்க்கும் ஏறக்குறைய அதே அளவு. வலை காற்றை நிறுத்துவதில்லை, உடைத்துச் சிதறடிக்கிறது. சிதறியது அடங்க இடம் வேண்டும். மைக்கோடு ஒட்டி வைத்துவிட்டு 'ஃபில்டர் சரியில்லை' என்று ரிவ்யூ எழுதுபவர்கள் அநேகம். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் மேலேயோ பக்கவாட்டிலோ ஒதுக்கி வைத்தால் பாதி வேலை அதிலேயே முடியும். சந்தேகம் இருந்தால் மைக் இருக்கும் இடத்தில் மெழுகுவத்தியைப் பிடித்து, வலைக்கு இந்தப் பக்கமிருந்து 'பாப்பா' சொல்லுங்கள். சுடர் நன்றாகச் சாய்ந்தால் இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

காசு செலவழிக்க மனமில்லையா? 6 அங்குல எம்பிராய்டரி வளையம், ஒரு நைலான் ஸ்டாக்கிங். உள்வளையத்தின் மேல் ஸ்டாக்கிங்கைக் குழாய் மாதிரியே மாட்டினால் முன்னும் பின்னும் இரண்டு அடுக்கு வந்துவிடும், வளையத்தின் தடிமனே இடைவெளி. சுருக்கமில்லாமல் இழுத்து வெளிவளையத்தைப் போட்டு இறுக்குங்கள். ரொம்ப இழுத்தால் நூல் ஓடிவிடும். தனி ஸ்டாண்டில் கட்டிக்கொண்டால் சரி.

மைக் தலையில் மாட்டும் ஸ்பாஞ்சு வெளிப்புற ஷூட்டிங்குக்கு. மைக்கிலேயே ஒட்டி உட்கார்ந்திருப்பதால் பாடும்போது பெரிய 'ப்'பை முழுக்கத் தடுக்காது. ஈரப்பதமான ஊர்களில் சில வருஷத்தில் பிசுபிசுத்து உதிர்ந்து கண்டென்சர் மைக்குக்குள்ளேயே விழும்.

நைலான் வலையில் எச்சில் காய்ந்து நாற்றம் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். பிரஷ் போட்டுத் தேய்த்தால் வலை தொய்ந்துவிடும்.