மஞ்சள் போர்டு வண்டிக்கு ஒரு நீள நோட்டு

இரண்டாவது வண்டி எடுக்கலாம் என்ற ஆசையில் 2024 ஆகஸ்டில் வங்கிக்குப் போனேன். கிருஷ்ணகிரியில் சொந்தமாக எடியோஸ் டாக்ஸி ஓட்டுகிறேன். டீசல் வண்டி, மஞ்சள் போர்டு, 2022 நவம்பரில் செகண்ட் ஹேண்டில் 5,20,000 ரூபாய்க்கு எடுத்தது. வாரத்தில் ஆறு நாள் ஓசூருக்குக் கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகும் டிரிப். மிச்ச நேரத்தில் பெங்களூர் ஏர்போர்ட், ஒகேனக்கல், கல்யாண சவாரி. கையில் காசு புரளாத நாளே கிடையாது, அந்தத் தைரியத்தில்தான் போனேன்.

மேலாளர் என் ஐ.டி. ரிட்டர்னை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். "வருஷத்துக்கு 52,400 ரூபாய்தான் வருமானம்னு காட்டியிருக்கீங்க. மாசம் நாலாயிரத்துச் சொச்சம். இதுல எப்படிங்க டியூ கட்டுவீங்க?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த ரிட்டர்னைப் போட்டுக் கொடுத்தது ஒரு கம்ப்யூட்டர் சென்டர் பையன். வங்கி ஸ்டேட்மெண்டைக் கொடுத்தேன், ஓ.டி.பி. சொன்னேன், 500 ரூபாய் கொடுத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஸ்டாண்டில் வந்து சொன்னால் ஆளுக்கு ஒரு யோசனை. பொலேரோ பிக்கப் வைத்து மாங்காய், தக்காளி லோடு அடிக்கும் நண்பர், "மாசம் 7,500, வருஷம் 90,000. அதைப் போட்டா முடிஞ்சது, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அவர் சொன்னது அவர் வண்டிக்குச் சரி. 12 டன்னுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மாதம் 7,500 என்று ஊகக் கணக்கில் வருமானம் காட்டலாம், வண்டி ஓடினாலும் ஷெட்டில் நின்றாலும் அதேதான். ஆனால் அது சரக்கு வண்டிக்கு மட்டும். ஆள் ஏற்றும் டாக்ஸிக்கு அந்தப் பிரிவே பொருந்தாது. இது அன்றைக்கு அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

ராயக்கோட்டை ரோட்டில் வரிக்கணக்கு பார்க்கும் ஓர் அக்கா இருக்கிறார். சி.ஏ. இல்லை, ஆனாலும் எல்லோரும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் 52,400 எங்கிருந்து வந்தது என்று விளக்கினார். அப்போது நடப்பில் இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் என்னைப் போன்ற சின்ன வியாபாரி நோட்டுப் புத்தகம் வைக்காமலே கணக்குக் காட்டலாம். வங்கி வழியாகவும் ஜிபேயிலும் வந்த வரவில் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொள்வார்கள். டீசல், டயர், இன்சூரன்ஸ் எல்லாச் செலவும் மிச்சத்துக்குள் அடக்கம். பையன் அந்தக் குறைந்தபட்சத்தை அப்படியே போட்டுவிட்டான்.

"குறைஞ்சபட்சம்னுதான் தம்பி சட்டத்துல இருக்கு. அதுக்கு மேல சம்பாதிச்சிருந்தா அதைக் காட்டணும். நீங்க நிஜமா எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. டியூ தேதிக்குப் பணம் இருந்தால் நல்ல மாதம், இல்லாவிட்டால் கெட்ட மாதம். என் கணக்கு அந்த அளவில்தான் இருந்தது.

"அப்ப ஏப்ரல்ல இருந்து எழுதுங்க" என்றார். அப்போது ஆகஸ்ட் முடியப் போகிறது.

போன ஐந்து மாதத்தை மீட்டெடுத்ததுதான் இந்த வேலையிலேயே பெரும்பாடு. டீசல் ரசீதையெல்லாம் நான் தூக்கிப் போடவில்லை, டேஷ்போர்டு பெட்டியிலும் கண்ணாடிக்கு மேலிருக்கும் வெயில் மறைப்பிலும் செருகி வைத்திருந்தேன். பெருமையாக எடுத்துக்கொண்டு வந்து வீட்டுத் திண்ணையில் பரப்பினேன். கட்டுக்கட்டாக வெள்ளைத் தாள். சூட்டில் அச்சாகும் அந்த வழவழப்பான ரசீது, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மூன்று மாதம்கூடத் தாங்காது போலிருக்கிறது. சிலதில் பங்க்கின் பெயர் மட்டும் பழுப்பாக நிழலடித்தது. ஒன்றைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்த என் மனைவி, "இதுல 2,000ன்னு தெரியுது, இல்ல 3,000மா?" என்றாள். மகன் ஒரு கட்டை எடுத்துப்போய்ப் பின்பக்கம் படம் வரைந்தான். நான் தடுக்கவில்லை.

கைகொடுத்தது ஃபோன்தான். டீசலுக்குப் பெரும்பாலும் ஜிபேயில்தான் கட்டியிருந்தேன். ஓசூர் போகும் நாட்களில் எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் நிரப்புவேன், அப்போது கர்நாடகாவில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அந்தப் பங்க்கின் பெயர் ஸ்டேட்மெண்டில் வரிசையாக இருந்தது. சுங்கத்துக்கு பாஸ்டேக் ஸ்டேட்மெண்ட் எடுத்தோம். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைக் கடந்த ஒவ்வொரு தடவையும் தேதி, நேரத்தோடு இருக்கிறது. ஓடிய கிலோமீட்டருக்கு சர்வீஸ் கார்டும் டிரிப் ஷீட் நகல்களும். ரொக்கமாக வாங்கிய வாடகைக்குத்தான் ஆதாரமே இல்லை. காலண்டரில் முகூர்த்த நாட்களைப் பார்த்துப் பார்த்து, யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம் என்று ஞாபகப்படுத்தி எழுதினோம். நான்கு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நீள நோட்டு வாங்கினேன். தேதி, எங்கிருந்து எங்கே, தொடக்கக் கிலோமீட்டர், முடிவுக் கிலோமீட்டர், வாடகை, ரொக்கமா ஜிபேயா, டீசல், டோல், மற்றவை. கடைசியில் ஒரு கட்டம், 'சொந்தம்'. அது அக்கா போடச் சொன்னது. குடும்பத்தோடு போகும் ஓட்டத்தை வியாபாரச் செலவில் சேர்க்கக் கூடாதாம். நான் வண்டியிலேயே கிறுக்கலாக எழுதுவேன், ஞாயிற்றுக்கிழமை மனைவி கூட்டிப் போடுவாள். ரசீதை வாங்கிய கையோடு போட்டோ எடுத்துவிடுகிறேன். ஆப் எல்லாம் இருக்கிறது என்றார்கள். ஒன்றை முயன்று பார்த்தேன், பத்து நாளில் விட்டுவிட்டேன். நோட்டுக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.

எது செலவு, எது செலவில்லை என்பதில் அக்காவோடு எனக்கு நிறைய வாக்குவாதம். டியூவில் தொடங்கியது. மாதம் 10,930 கட்டுகிறேன், வருடத்துக்கு 1,31,160. மொத்தமும் செலவுதானே? இல்லையாம். அதில் வட்டி மட்டும்தான் செலவு, அசல் நான் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது. வட்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் தாளை ஃபைனான்ஸ் ஆபீஸில் வாங்க மூன்று நடை நடந்தேன். 34,600 ரூபாய் வந்தது. மிச்சம் 96,560 கணக்கில் ஏறவில்லை. வயிறு எரிந்தது.

அதற்குப் பதிலாகத் தேய்மானம் என்று ஒன்று உண்டு, வண்டி பழசாகி மதிப்புக் குறைவதைச் செலவாகக் கழிப்பது. வாடகைக்கு ஓடும் டாக்ஸிக்கு வருடம் 30 சதவீதம்; சொந்த உபயோகத்துக்கும் தொழிலுக்கும் வைத்திருக்கும் சாதாரணக் காருக்கு 15தான். வாங்கிய வருடம் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் அந்த வருடம் பாதி. என் வண்டி நவம்பரில் வந்ததால் முதல் வருடம் 15 சதவீதம், 78,000. அடுத்த வருடம் 1,32,600. இந்த இரண்டையும் நான் எங்கும் கேட்டு வாங்கவில்லையே, சேர்த்து இப்போது போடுங்கள் என்றேன். முடியாது, 6 சதவீதக் கணக்கு காட்டிய வருடங்களில் தேய்மானமும் கழித்தாகிவிட்டதாகத்தான் சட்டம் பார்க்கும் என்றார். ஆக மிச்ச மதிப்பு 3,09,400, அதில் 30 சதவீதம் 92,820 இந்த வருடத்துக்கு.

ஜூலையில் கிளட்ச் வேலைக்கு மெக்கானிக்கிடம் 16,500 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைச் சேர்க்க முடியாது என்று அதை அடித்துவிட்டார். பெங்களூரில் நோ பார்க்கிங் அபராதம் கட்டியது? சட்டத்தை மீறியதற்குக் கட்டிய பணம் செலவாகாது. வழியில் சாப்பிட்டது? "ஓட்டலைன்னாலும் சாப்பிடுவீங்கதானே?" என்றார். நான் லீவு போட்ட நாட்களில் ஓட்டிய ஆக்டிங் டிரைவருக்குக் கொடுத்த 18,000 சேர்ந்தது, ஃபோன் பில்லில் பாதி சேர்ந்தது. இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட், வரி, வண்டி கழுவுவது எல்லாம் கேள்வி இல்லாமல் சேர்ந்தன.

2025 மார்ச் முடிந்து கூட்டினோம். வரவு 8,70,000. கம்பெனி டிரிப்பில் மாதம் 48,000 வீதம் 5,76,000, மற்றது சவாரி. 20 லட்சத்துக்குள் என்பதால் ஜி.எஸ்.டி. பதிவுத் தொல்லை இல்லை. டீசல் மட்டும் 3,07,200. டோல் 41,300. எல்லாச் செலவும் சேர்த்து 5,17,600, தேய்மானத்தோடு 6,10,420. லாபம் 2,59,580. அதே வரவுக்குக் குறைந்தபட்சக் கணக்குப் போட்டால் 55,000 ரூபாய்க்குள்தான் வந்திருக்கும்.

இது காகிதக் கணக்கு. கைக்கு வந்தது எவ்வளவு என்று மனைவி தனியாக ஒரு கணக்குப் போட்டாள். தேய்மானத்தை விட்டுவிட்டு, கடன் அசலையும் கிளட்ச் பணத்தையும் கழித்தாள். மாதம் இருபதாயிரத்தைத் தொடவில்லை. "அவ்வளவுதானா?" என்றாள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடியும் கூட்டினாள்.

அப்போதுதான் கிலோமீட்டர் கட்டத்தைச் சரியாகப் பார்த்தோம். கம்பெனி டிரிப்பில் முதல் ஆள் ஏறுவது காவேரிப்பட்டணத்தில். ஓசூர் வடக்கே இருக்கிறது, நான் தினமும் காலையில் தெற்கே 12 கிலோமீட்டர் காலியாகப் போய் ஏற்றிக்கொண்டு திரும்புகிறேன். ராத்திரி கடைசி ஆளை இறக்கிவிட்டு மறுபடி 12 காலியாக வீட்டுக்கு. நாளுக்கு 24 சின்ன எண்தான். மாதம் 26 நாள், பன்னிரண்டு மாதம் என்று பெருக்கினால் 7,488. வண்டி லிட்டருக்கு 19 கொடுக்கிறது. 394 லிட்டர், ஏறக்குறைய 36,000 ரூபாய் டீசல். நிலையான வருமானம் என்று நான் தலையில் தூக்கி வைத்திருந்த டிரிப் அது. நோட்டை எடுத்துக்கொண்டு போய், அந்த டிரிப்பைக் கொடுக்கும் டிராவல்ஸ்காரரிடம் காட்டினேன். வாயால் கேட்டிருந்தால் "எல்லாருக்கும் அதே ரேட்டுதான்" என்று முடித்திருப்பார். எண்களைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மே மாதத்திலிருந்து 2,000 ரூபாய் கூட்டிக் கொடுக்கிறார். நான் கேட்டது 3,000.

அவரிடம் இன்னொரு வேலையும் இருந்தது. ஒவ்வொரு மாதமும் வாடகையில் ஒரு சதவீதம் டி.டி.எஸ்., அதாவது வருமான வரிக்கென்று முன்கூட்டியே, பிடித்துக்கொள்வார், வருடத்துக்கு 5,760. வருமான வரித் தளத்தில், என் பேரில் ஏறிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் என்ற தாளைத் திறந்து பார்த்தால் ஜூனில் 4,320தான் இருந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த 1,440 வரவே இல்லை. பிடித்தவர் என் பான் எண்ணில் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது என் பணமாகும். இரண்டு தடவை ஃபோன், ஒரு தடவை நேரில். ஜூலையில் ஏறியது. அதுவரை ரிட்டர்ன் போட வேண்டாம் என்று அக்கா நிறுத்தி வைத்தார். அந்த வருடம் கடைசித் தேதியை ஜூலை 31-லிருந்து செப்டம்பருக்குத் தள்ளி வைத்திருந்ததால் பதற்றம் இல்லை.

ஐ.டி.ஆர். 4 படிவம், சுகம் என்று பெயர். போடுவது என்னவோ அரை மணி நேர வேலை. 2,59,580 என்று போட்டார். அந்த வருடம் புதிய வரி முறையில் 3 லட்சம் வரை வரி இல்லை என்பதால் வரி பூஜ்யம், பிடித்த 5,760 முழுதும் திரும்ப வர வேண்டும். ஆனால் ஆதாரில் என் பழைய ஃபோன் எண் இருந்தது. ரிட்டர்னைச் சரிபார்க்க வரும் ஓ.டி.பி. யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. 30 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால், சரிபார்த்த தேதியில்தான் ரிட்டர்ன் போட்டதாகக் கணக்காகும். ஆதார் மையத்தில் வரிசையில் நின்று 50 ரூபாய் கட்டி எண்ணை மாற்றினேன். ஒரு நாள் டிரிப் போச்சு.

பணம் வங்கிக்கு வந்த குறுஞ்செய்தியை ஓசூரில் கம்பெனி கேட்டுக்கு வெளியே, சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தபோது பார்த்தேன். இரண்டு டயருக்குக்கூடப் பத்தாது. ஆனாலும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ரிட்டர்னை எடுத்துக்கொண்டு அதே மேலாளரிடம் போனேன். இந்தத் தடவை டீ வரவழைத்தார். "ஒரே வருஷத்துல 52,000, 2,59,000ன்னு குதிச்சிருக்கே. இன்னும் ஒரு வருஷம் இதே மாதிரி காட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார். கோபம் வந்தது, அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. இரண்டாவது வண்டி இன்னும் வரவில்லை.

இரண்டாவது நோட்டு வந்திருக்கிறது. போன தேய்பிறை அஷ்டமிக்குக் குடும்பத்தோடு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போய்ப் பூசணிக்காய் விளக்குப் போட்டுவிட்டு வந்தோம். திரும்பி வந்து வாசலில் வண்டியை நிறுத்தியதும் மனைவி இறங்கவில்லை. என் பக்கம் எட்டி மீட்டரைப் பார்த்தாள், நோட்டை எடுத்தாள், 'சொந்தம்' கட்டத்தில் 104 என்று எழுதினாள்.