முதல் நாவலோடு எழுத்தாளர் சந்திப்புக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

பணம் கட்டிய ரசீதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். செல்போனில் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். உசிலம்பட்டியில் பஸ் ஏறி, மதுரை ஆரப்பாளையத்தில் மாறி, கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டித் தல்லாகுளம் மண்டபத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தால், பதிவு மேசையில் இருந்த தம்பி, “அக்கா, லிஸ்ட்ல உங்க பேர் இல்லியே” என்றார். படிவத்தில் என் பெயரைத்தான் நிரப்பியிருந்தேன். ஆனால் அவர்கள் பட்டியல் போட்டது பணம் வந்த கணக்கின் பெயரை வைத்து. பணம் போனது வீட்டுக்காரர் கணக்கிலிருந்து. இதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். எங்கள் ஊர் மொய் நோட்டில் பெயர் தேடுவது இதைவிடச் சுலபம். கடைசியில் வீட்டுக்காரர் பெயர் போட்ட அட்டையையே என் கழுத்தில் மாட்டி உள்ளே அனுப்பினார்கள்.

உள்ளே எதுவும் தொடங்கியிருக்கவில்லை. பத்து மணி நிகழ்ச்சி பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. பேசிய எல்லோரும் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட மண் இது என்றுதான் தொடங்கினார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதையே நாலாவது ஆள் சொல்லும்போது வயிறு பசிக்க ஆரம்பித்துவிட்டது. பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் உரையாடல் எழுதுவது பற்றிய வகுப்புக்கு இருபது நிமிடம்தான் மிச்சம். நான் பணம் கட்டியதே அந்த வகுப்புக்காகத்தான்.

அந்த இருபது நிமிடத்தில் ஓர் எடிட்டர் அம்மா சொன்னது மட்டும் உருப்படி. வட்டார வழக்கில் எழுதுகிறவர்கள் ஒரு நோட்டு போட்டு, எந்தச் சொல்லை எப்படி எழுதுகிறோம் என்று குறித்து வைக்க வேண்டுமாம். ஒரு பக்கத்தில் ‘போயிட்டு’, அடுத்த பக்கத்தில் ‘போய்ட்டு’ என்று வந்தால் மெய்ப்புப் பார்ப்பவர் எல்லாவற்றையும் ‘போய்விட்டு’ ஆக்கிவிட்டுப் போய்விடுவார். ‘அங்கிட்டு’ எல்லாம் ‘அந்தப் பக்கம்’ ஆகிவிடும். கைப்பிரதியோடு அந்தப் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்றார். திருவிழாக் காட்சியில் நாவலைத் தொடங்காதீர்கள் என்றும் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. எங்கள் பக்கத்தில் சண்டை, சம்பந்தம் எல்லாமே திருவிழாவில்தான் தொடங்கும்.

அடுத்து கைப்பிரதி விமர்சனம். முன்கூட்டியே முதல் அத்தியாயத்தை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான் யூனிகோடில் அடித்து அனுப்பினேன். எல்லோருடையதையும் தொகுத்தவர் அச்சகத்துக்குப் பழகிய பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார். யூனிகோடில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே முன்னால் நிற்கும். மாற்றும்போது இதைக் கவனிக்காவிட்டால் கொம்பெல்லாம் பக்கத்து எழுத்துக்குத் தாவிவிடும். விமர்சகர் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “முதல்ல பிழையில்லாம எழுதக் கத்துக்கணும்மா” என்றார், நாற்பது பேர் முன்னால். செல்போனில் மூலத்தைத் திறந்து காட்டினேன். பார்த்தார். “ஓ” என்றார். அவ்வளவுதான், அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். முதல் பக்கத்துக்கு மேல் அவர் படிக்கவேயில்லை. எதை அனுப்பினாலும் பிடிஎஃப் ஒன்று சேர்த்து அனுப்புங்கள். கையில் ஒரு ஜெராக்ஸ் பிரதியும் இருக்கட்டும்.

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காதது பதிப்பாளர் சந்திப்பில்தான். ஆளுக்குப் பத்து நிமிடம். என் முன்னால் உட்கார்ந்தவர் கதை என்ன என்று கேட்கவில்லை. “எத்தனை பக்கம் வரும்?” டெமி என்கிற புத்தக அளவில் 256 வரும் என்றேன். “அப்ப 16 ஃபாரம்” என்று, 16 பக்கத்துக்கு ஒரு அச்சு ஃபாரம் வீதம் மனக்கணக்குப் போட்டார். விலை 320 ரூபாய், 300 பிரதியை நாற்பது சதவீதக் கழிவில் நானே எடுத்துக்கொள்ள வேண்டும். 57,600 ரூபாய்! அதற்கு மேல் விற்றால் பத்து சதவீதம் ராயல்டியாம். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்க 2,000 தனி. சொல்லி முடித்து இரண்டு பக்க ஒப்பந்தத்தை நீட்டி, “இன்னைக்கே கையெழுத்துப் போட்டா புத்தகத் திருவிழாவுக்கு வந்துரும்” என்றார்.

படித்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். டீ வரிசையில் பின்னால் நின்ற அண்ணன் ஒருவர் வக்கீல், கவிதையும் எழுதுகிறவர். வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “ஐஎஸ்பிஎன்னுக்குக் காசே கிடையாதும்மா” என்றார். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, நூலை நாமே பதிப்பித்தால் நாமே விண்ணப்பிக்கலாம்.

அப்புறம் உரிமைப் பகுதியைக் காட்டினார். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் ‘நிரந்தரமாக’ பதிப்பாளருக்கு என்று இருந்தது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் காலம் எதுவும் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு என்றுதான் பொருள். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை. ஆக, ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால்கூட எனக்குப் பாதுகாப்பு இருந்திருக்கும். ‘நிரந்தரமாக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது போச்சு. பதிப்புரிமை எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். என் பேரன் பேத்தி கையில் இருக்க வேண்டியதைக் கேட்கிறார் மனிதர்.

‘நிரந்தரமாக’ என்பதை அடித்து ‘மூன்று ஆண்டு, தமிழ் அச்சு மட்டும்’ என்று எழுதினேன். 300 பிரதி வரியையும் அடித்தேன். திரும்பப் போய்க் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “யோசிச்சுச் சொல்றேன்” என்றார். வந்த எரிச்சலுக்கெல்லாம் அந்த ஒரு நிமிடம் ஈடு.

பதிப்பாளரைப் பார்ப்பதற்காக மட்டும் போகிறீர்கள் என்றால் கட்டணம் கட்டவே வேண்டாம். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் வார நாள் மதியம் அரங்குகள் காற்றாடும், நின்று பேசுவார்கள். அதற்கு முன் புதுநத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அரை நாள் உட்காருங்கள். அண்மையில் வந்த நாவல்களை எடுத்து, உரிமை விவரம் உள்ள பக்கத்தில் உரிமை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஆசிரியர் பெயரில் இருந்தால் அந்தப் பதிப்பகத்தைக் குறித்துக்கொள்ளலாம். நான் அப்படிக் குறித்ததில் ஒருவர் முதல் மூன்று அத்தியாயம் கேட்டிருக்கிறார். பிடிஎஃப்பும் சொல் பட்டியலும் சேர்த்து அனுப்பியாயிற்று. தல்லாகுளத்துக்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.