அரிசி வாளிக்குள் இருந்த கொப்பி

என்னிடம் இரண்டு கிளினிக் கொப்பிகள் இருந்தன. கர்ப்பிணிகளுக்கான கொப்பி சாமிப்படத்துக்குக் கீழே, வருவோர் போவோர் பார்க்க இருந்தது. மனநலக் கிளினிக் கொப்பி பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு அரிசி வாளிக்குள் கிடந்தது.

நான்கு வருடமாக இரவில் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து, 50 மில்லிகிராம். பிள்ளை தங்கியது தெரிந்த அன்றே நிறுத்திவிட்டேன். "பிள்ளைத்தாய்ச்சி கண்ட குளிசையும் போடக் கூடாது" என்று மாமி பொதுவாகச் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் தலைச்சுற்றல். தலையைத் திருப்பினால் மின்சாரம் தொட்டது போல ஒரு வெட்டு. மசக்கை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தூக்கம் போனது, பசி போனது. ஒருநாள் கோட்டை வாசலில் மான்கள் பழத்தோல் தின்பதைப் பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நேரம், எதற்காக அங்கே போனேன், ஒன்றும் நினைவில்லை.

வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர்தான் பிடித்தார். நிறை குறைந்திருந்தது, திரிபோஷா சத்துமாப் பைகள் பிரிக்காமலே கிடந்தன. மாமி தேநீர் ஊற்றப் போன நேரம் பார்த்து, "வேறு ஏதும் மருந்து எடுத்தீர்களா, தங்கச்சி?" என்றார். வாளிக்குள் கையை விட்டேன்.

மனநல வைத்தியர் ஏசவில்லை. கர்ப்ப காலத்தில் அதிகம் கொடுக்கப்படும் மனச்சோர்வு மருந்துகளில் இதுவும் ஒன்று, நீங்கள் உண்ணாமல் உறங்காமல் இருப்பதும் பிள்ளையைத்தான் சேரும் என்றார். வலிப்புக்கும் கொடுக்கிற வல்ப்ரோயேட் வேறு கதையாம். அதை எடுக்கும் தாய்மாரின் பிள்ளைகளில் 100க்குப் 10 பேரளவில் பிறவிக் குறைபாடு வரலாம்; ஆகவே கருத்தரிக்க நினைக்கும்போதே வந்து மாற்றிக்கொள்ள வேண்டும், அதைக்கூடத் தானாக நிறுத்தக் கூடாது. எனக்கு 25இல் தொடங்கி மறுபடி 50. மருந்தின் பெயரைக் கர்ப்பிணிக் கொப்பியிலும் சிவப்புப் பேனையால் எழுதினார்.

மகள் பிறந்து இரண்டு நாள் அவளுடைய கைகள் நடுங்கின. என் விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வாள், நடுக்கம் நின்றுவிடும். இப்படி வரலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. ஆஸ்பத்திரி விடுதியில் ஒருவர், இந்த மருந்தோடு தாய்ப்பால் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றுதான் அழுதேன். பாலில் கலப்பது மிகக் குறைவு, கொடுக்கலாம் என்று வைத்தியர் வந்து சொல்லும்வரை ஒரு முழு இரவு வீணாய்ப் போனது.

இப்போது இரண்டு கொப்பிகளும் சாமிப்படத்துக்குக் கீழேதான். வைத்தியரின் எழுத்து மாமிக்கு விளங்காது. இரவில் தண்ணீரோடு அவரே எடுத்துத் தரும் குளிசை இரும்புச்சத்துக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.